ஏழாவது வரி

புந்தா அரேனாஸில் காற்று வெறிகொண்ட நாட்களில்
தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
பகலில் நான் படகுத்துறையில் சீட்டு கிழிப்பவள்:
போர்வெனீருக்கு ஓர் ஆள், ஒரு வண்டி, இரண்டு ஆடு.
இரவில் கதைகள் வரும்.

எங்கள் இதழுக்கு அலுவலகம் கிடையாது.
என் சமையல்மேசை ஒன்று.
மான்டிவிடியோவில் ரொட்டி அடுப்பு ஆறும்வரை
பிழை திருத்தும் ஔரேலியோ ஒருவன்.
இதழ் நிற்காமலிருக்க
சைக்கிளை விற்றதாகச் சொல்வான்.
விற்றது அவன் தங்கையின் சைக்கிள்.

லெசோத்தோவிலிருந்து ஒரு சுரங்க வெடிப்பு,
பரோயே தீவிலிருந்து நாற்பது பக்க விவாகரத்து,
செபுவிலிருந்து பேசும் குளிர்சாதனப் பெட்டி
(அந்த வருடத்தில் ஆறாவது),
எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரே கடிதம்:
வாசிக்கத் தந்தமைக்கு நன்றி,
இம்முறை இடமில்லை.
உப்பும் சப்பும் இல்லாமல்
கும்பிடு போட்டு வழியனுப்பும் கடிதம்.
அதற்கு யாரும் பதில் எழுதியதில்லை,
திட்டிய இருவரைத் தவிர.

பிறகு நாரினிலிருந்து துர்சுன்பெக் எழுதினார்,
ரொசாரியோவில் இருக்கும் இலியானாவின்
மொழிபெயர்ப்பு வழியே.
கோபமில்லை, ஒன்றே ஒன்று சொல்லுங்கள்:
எந்த வரியில் நிறுத்தினீர்கள்?

ஏழாவது வரியில்.
கழுதை வாசலுக்கு வரும் இடத்தில்.
அங்கேதான் புகைக்குழாய் வழியே காற்று இறங்கி
என் கணப்பை ஊதி அணைத்தது.
தீப்பெட்டி தேடி, குனிந்து, பற்றவைத்து,
திரும்பி உட்கார்ந்தபோது
விரல் தன் பழக்கத்தில் அடுத்த கதையைத் திறந்தது.
கழுதை நின்றது நின்றபடி.

ஏழாவது வரியில், என்று எழுதினேன்.
கணப்பைப் பற்றி எழுதவில்லை.
ஆசிரியை என்றால்
காரணம் கொஞ்சம் கௌரவமாக இருக்க வேண்டும்.

மூன்று வாரத்தில் கதை திரும்பி வந்தது,
முதல் ஆறு வரிகள் இல்லாமல்.
'கழுதை வாசலில் நின்றது.
யாரும் அதை அழைக்கவில்லை.'
ஆடாமல் அசையாமல் முழுக்கப் படித்தேன்.
கெட்டிலில் தண்ணீர் வற்றி
அடி கருகிய வாசம் வந்த பிறகுதான் எழுந்தேன்.
கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும் என்பார்கள்.
இது வெட்டுப்பட்டு வளர்ந்த கழுதை.

வெட்டத் தெரிந்த ஆள், என்றான் ஔரேலியோ.
குளிர்கால இதழில் முதல் கதை.
க்ராக்கோவில் ஒரு பேராசிரியை
எப்படித் தொடங்குவது என்பதற்கு
இதைத்தான் மாணவர்களிடம் காட்டுகிறாளாம்.
துர்சுன்பெக் எனக்கு நன்றி சொன்னார்:
உங்கள் கண் கத்தி.

நல்ல கத்தி.

பழைய பிரதி என்னிடம் இருக்கிறது.
காற்று கூரையை உலுக்கும் இரவுகளில்
அந்த ஆறு வரிகளைத் திறப்பேன்.
தண்ணீர் வண்டிக்குக் காத்துநிற்கும் தம்பி.
இரண்டு வாளி. ஒரு கையில் மட்டும் உறை, மஞ்சள் நிறம்.
மெலிஸ் என்று பெயர்.
கதையில் பிறகு எங்கும் அவன் இல்லை.
கழுதை யாருக்காக நின்றது என்பது
அவனைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும்.
தெரிந்தவர்கள் மூன்று பேர்:
எழுதியவர், மொழிபெயர்த்தவள், நான்.

அன்றிரவு கணப்பு அணைந்துவிட்டது, அவ்வளவுதான்,
தம்பியைத் திரும்ப வையுங்கள், என்று
ஒரு கடிதம் எழுதிவைத்திருக்கிறேன்.
அனுப்பவில்லை.
இங்கே நள்ளிரவென்றால் நாரினில் காலை ஒன்பது.
இப்போது அனுப்பினால்
தேநீர் குடிக்கும் நேரத்தில் போய்ச் சேரும்.
கதை நன்றாகத்தானே இருக்கிறது.
அதுதான் தொல்லை.

இன்று போர்வெனீர் படகுக்கு ஒரு பையன் வந்தான்,
நண்டு போட இரண்டு வாளியோடு.
வாளிக்குச் சீட்டு உண்டா, என்றான்.
வேண்டாம் என்றேன்.
உன் பெயர் என்ன என்று கேட்டேன்.
எதற்கு, என்றான்,
சீட்டில் பெயருக்கு இடமே இல்லையே.
பின்னால் வரிசை நீண்டிருந்தது.
சீட்டைத் திருப்பி, பின்பக்கம் எழுதினேன்.